அக்காவின் டிரிப்ஸில் ஓடுவதும் ஒரு மரத்தின் நஞ்சுதான்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கும் உங்கள் அக்காவுக்கு 47 வயது. இடது மார்பில் கட்டி, கோவையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், அதாவது பெண் ஹார்மோனால் வளரும் வகை என்று ரிப்போர்ட் சொல்கிறது. வாரம் ஒருமுறை கீழே இறங்கிப் போய் பக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டு வருகிறார், பாதி முடிந்திருக்கிறது. முடி கொட்டிவிட்டது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. சொந்தக்காரர்கள் ‘இங்கிலீஷ் மருந்து உடம்பை உருக்கிவிடும், மூலிகைக்கு மாறு’ என்கிறார்கள். முள்ளு சீத்தா இலைக் கஷாயம், மஞ்சள் கேப்ஸ்யூல், க்ரீன் டீ, நித்தியகல்யாணிப் பூ என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கீமோவை விட்டு மாறலாமா, இல்லை கூடவே கொடுக்கலாமா, அக்கா மகளுக்கு இது வராமல் தடுக்க ஏதாவது செடி உண்டா என்று கேட்கிறீர்கள்.

மாறக் கூடாது. கூடவே கொடுப்பதிலும், அந்த நான்கில் மூன்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். க்ரீன் டீ மட்டும், கோப்பையில் குடிக்கிற அளவுக்கு, பரவாயில்லை. மகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் ஊட்டியில் பார்மசி மாணவர்களுக்கு மருந்துத் தாவரங்கள் பாடம் எடுத்தவன், புற்றுநோய் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு, ஏற்றும் தேதி எல்லாம் அவர் வார்த்தைதான்.

மூலிகைக்கு மாறச் சொல்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அக்கா இப்போது ஏற்றிக்கொள்வதே தாவரத்திலிருந்து வந்த மருந்து. 1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். புற்றுநோயைக் கொல்லும் சரக்கு எந்தச் செடியிலாவது இருக்கிறதா என்று அந்நாட்டு அரசு ஆயிரக்கணக்கான செடிகளைச் சலித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பட்டையிலிருந்து பக்லிடாக்ஸெலைப் பிரித்தெடுத்து, அதன் வடிவத்தை 1971-ல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இருவர். வானி நம் நாட்டில் பிறந்தவர். மார்பகப் புற்றுநோய்க்கு இது அனுமதி பெற்றது 1994-ல். பட்டையை அனுப்பியதற்கும் நோயாளிக்கு முறையாகக் கிடைத்ததற்கும் நடுவே முப்பது வருடத்துக்கு மேல். எந்த அளவில் கட்டி சுருங்குகிறது, எந்த அளவில் ஆளுக்கே ஆபத்து என்று கண்டுபிடித்ததும் அந்தக் காலத்துக்குள்தான்.

பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்குத் தேவையான மருந்துக்கே சில முழு மரங்கள் வேண்டியிருந்தன. அந்தக் கணக்கில் போயிருந்தால் காடே மிஞ்சியிருக்காது. ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் இதற்கு நெருங்கிய ஒரு பொருள் இருப்பதைப் பிரான்சில் பியர் பொத்தியேவின் குழு கண்டது. இலையைக் கிள்ளினால் மரம் மறுபடி துளிர்க்கும் என்பது தேயிலைக்காரர்களான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலைச் சரக்கிலிருந்து பாதி வேலையைச் செடியும் மீதியை ஆய்வகமும் செய்கிற முறை வந்தது. அதே வழியில்தான் டோசிடாக்ஸெல் என்ற தம்பி மருந்தும் பிறந்தது. இன்று யூ மரத்தின் செல்களைத் தொட்டியில் வளர்த்தும் பக்லிடாக்ஸெல் எடுக்கிறார்கள். அது தண்ணீரில் கரையாது. பழைய வகை மருந்தில் அதைக் கரைப்பதற்குச் சேர்ப்பது ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பான். டிரிப்ஸுக்கு முன்னால் அக்காவுக்கு ஒவ்வாமை வராமல் தடுக்கும் ஊசிகள் போடுகிறார்களே, அதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த விளக்கெண்ணெய்ச் சரக்குதான்.

விரல் ஏன் மரத்துப்போகிறது என்பதற்கும் பதில் இந்த மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நுண்குழாய்கள் உருவாகும், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். பக்லிடாக்ஸெல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துவிடுகிறது என்று 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். செல்லால் பிரிய முடியாது, செத்துப்போகும். ஆனால் முடி வேரும் எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் பிரிகிற செல்கள்தான். அவற்றுக்கும் அடி விழுகிறது. நரம்புச் செல்கள் பிரிவதில்லை, ஆனாலும் முதுகுத்தண்டிலிருந்து விரல் நுனிவரை சத்தைக் கொண்டுபோக அதே நுண்குழாய்களைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால்தான் மிக நீளமான நரம்புகள் போய்ச் சேரும் இடங்களில், கால் விரலிலும் கை விரலிலும், முதலில் மரத்துப்போகிறது. இதை டாக்டரிடம் சொல்லாமல் அக்கா பொறுத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து சொல்ல வையுங்கள். அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். ரொம்ப முற்றவிட்டால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. பனிக்காலத்தில் கணப்புப் பக்கத்தில் கால் நீட்டி உட்காருவதும், சூடு தெரியாமல் வெந்நீரில் கை விடுவதும் மலையில் இருக்கிற கீமோ நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து. தோல் கருகுவது அவர்களுக்குத் தெரியாது. கவாத்துக் கத்தி பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம்.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்: மார்பகப் புற்றுநோய்க்கு எதிராகத் தன்னை நிரூபித்துக்காட்டிய தாவரச் சரக்குகளில் பெரும்பாலானவை கடுமையான நஞ்சுகள். யூ மரத்தின் இலையைத் தின்ற மாடு இதயம் நின்று செத்துப்போகும். அந்த நஞ்சு குடும்பத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, சுத்தம் செய்து, ஆளின் உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டு மில்லிகிராமில் கொடுப்பதால்தான் மருந்தாகிறது. ‘மூலிகை, பக்கவிளைவே இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அது கட்டியைக் கொல்லும் அளவுக்கு வீரியம் உள்ளதா என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதில் நம் மாவட்டத்துக்குப் பழைய பாடமே இருக்கிறது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரம் நட்டார்கள், மலேரியாவுக்கு. பட்டையை இடித்துக் குடித்தாலும் காய்ச்சல் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு மரத்தின் பட்டையிலும் குயினைன் அளவு வேறு. குறைந்தால் காய்ச்சல் திரும்பும், கூடினால் காது இரையும், பார்வை மங்கும். அந்த அளவைப் பார்ப்பதற்கென்றே அரசாங்கம் ஊட்டியில் ஒரு வேதியியலாளரை வைத்திருந்தது. நடுவட்டத்துத் தொழிற்சாலையில் குயினைனைப் பிரித்தெடுத்த பிறகுதான் ஊருக்கு ஊர் ஒரே அளவாகக் கொடுக்க முடிந்தது.

அடுத்து நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இதில் மருந்து இருப்பது உண்மை, மறுக்கவே இல்லை. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் 1950-களில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். ஜமைக்காவில் அதற்காக இலையை டீயாகக் குடித்துவந்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்தத் தடத்தில் போய்த்தான் வின்பிளாஸ்டினைப் பிடித்தார்கள். பிறகு வந்த வினோரெல்பின் இன்றும் பரவிய மார்பகப் புற்றுநோயில் பயன்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வீட்டு வாசலில் பறித்த ஒரு கைப்பிடி பூவில் கட்டியைக் கரைக்கிற அளவு கிடைக்கவே கிடைக்காது. ஆனால் அந்தச் செடியில் இதுபோன்ற ஆல்கலாய்டுகள் ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கு மேல். ஏற்கெனவே கீமோவால் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் ஒருவருக்கு அளவு தெரியாத கஷாயமாக அதைக் கொடுப்பது தேவையில்லாத சூதாட்டம்.

நம் சோலைக்காட்டுச் செடி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருமைப்படக்கூடிய விஷயம், யாரும் பேசுவதில்லை. நீலகிரி, பழனி மலை உட்பட மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக நோதபோடைட்டிஸ் என்ற சிறுமரம் வளர்கிறது. இலையைக் கசக்கினால் நாற்றம் குடலைப் பிடுங்கும். சீன மரம் ஒன்றில் வால், வானி இருவரும் 1966-ல் கண்ட கேம்ப்டோதெசின் இந்த மரத்திலும், நல்ல அளவில், இருப்பதை 1972-ல் நம் வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் வெளியிட்டார்கள். ஏற்றுமதிக்காக இதைக் கண்டபடி வெட்டித் தீர்த்ததும் நடந்தது, அது தனிக் கதை. கேம்ப்டோதெசினை அப்படியே கொடுத்தபோது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதைத் திருத்திச் செய்த வாரிசுகள் இன்று மார்பகப் புற்றுநோய் சிகிச்சையின் முன்வரிசையில் நிற்கின்றன. சாசிடுசுமாப் கோவிடெகான், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற இரண்டு புதிய மருந்துகளில் ஓர் எதிர்ப்புரதம் கட்டியின் செல்லைத் தேடிப்பிடிக்கிறது; அதன் முதுகில் கட்டி அனுப்பும் நஞ்சு கேம்ப்டோதெசின் வம்சம். இன்னொரு மருந்தான டிராஸ்டுசுமாப் எம்டான்சினில் இருப்பது எத்தியோப்பியப் புதர் ஒன்றில் முதலில் கண்டெடுத்த மேட்டான்சினின் வாரிசு. உடம்பு முழுக்கப் பரவவிட்டால் தாங்க முடியாத நஞ்சைக் கட்டிக்கு மட்டும் கொண்டுசேர்க்கப் பார்க்கிறார்கள். உங்கள் அக்காவுக்கு இப்போது இவை எதுவும் தேவைப்படாது. தாவர மருந்தை ‘இங்கிலீஷ் மருத்துவம்’ ஒதுக்கிவைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் காட்டுவதற்காகச் சொன்னேன்.

இனி வீட்டில் வந்து குவிந்திருப்பவை.

முள்ளு சீத்தா. மலைப்பாதைப் பழக்கடைகளில் இதைக் ‘கேன்சர் பழம்’ என்று கூவி விற்கும் அளவுக்குப் போய்விட்டது. இதில் உள்ள அசிட்டோஜெனின்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மை. தட்டில் சாராயத்தை ஊற்றினாலும் அதே செல்கள் சாகும். குடிக்கிற பெண்களுக்கோ மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. தட்டில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு. மார்பகப் புற்றுநோயில் மனிதர்களுக்கு இது பலன் தந்தது என்று காட்டிய முறையான ஆய்வு ஒன்றுகூட இல்லை. கேடு பற்றித் தகவல் இருக்கிறது. கரீபியக் கடலில் குவாடலூப் தீவில் வழக்கத்துக்கு மாறான பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதை 1999-ல் பதிவு செய்தார்கள். இந்தக் குடும்பத்துப் பழங்களையும் இலை டீயையும் நிறைய எடுத்துக்கொள்வதோடு அது தொடர்புபட்டிருந்தது. இதில் உள்ள அன்னோனாசின் நரம்புச் செல்லின் சக்தி உற்பத்தியைத் தடுக்கிறது. நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கும் அக்காவுக்கு இதைத் தினமும் காய்ச்சிக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. எப்போதாவது ஒரு துண்டு பழம் சாப்பிட்டார் என்றால் பதற வேண்டாம், கஷாயம்தான் கூடாது.

மஞ்சளுக்கு வருவோம். குழம்பில் போடுகிற மஞ்சளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான கர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான்; அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். இந்தக் குறையைப் போக்கத்தான் கேப்ஸ்யூல்காரர்கள் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் கர்க்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடியது. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் பைப்பரின் அதைச் சாதிப்பது, மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளை மடக்கிப் போட்டுத்தான். பக்லிடாக்ஸெலை உடைக்கிற கல்லீரல் நொதிகளில் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அக்காவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற அளவு உடம்பில் வேறு அளவாகிவிடலாம். கீமோ முடிந்ததும் தமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை தருவார்கள், வருடக்கணக்கில். தமாக்ஸிஃபென் உடம்புக்குள் போய் எண்டாக்ஸிஃபெனாக மாறினால்தான் சரியாக வேலை செய்யும். நெதர்லாந்தில் 2019-ல் வெளிவந்த சிறு ஆய்வில் கர்க்குமின் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு எண்டாக்ஸிஃபென் குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. இது போதாதென்று, மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் வீங்கி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள், ஒரு சாவு உட்பட. கல்லீரல் கெட்டால் பக்லிடாக்ஸெலைத் தள்ளிப்போட வேண்டிவரும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்மீனியாவில் நோய் பரவிய 150 பெண்களிடம், பக்லிடாக்ஸெலோடு கர்க்குமினை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியவர்கள் அந்தப் பக்கம் கூடுதல். கவனிக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் அது ஊசி, கேப்ஸ்யூல் இல்லை. வேறு இடத்தில் பெரிய அளவில் செய்து பார்க்கும்வரை அதை வைத்து யாருக்கும் சிகிச்சை சொல்ல முடியாது.

க்ரீன் டீயைப் பொறுத்தவரை, குன்னூர் ஏலத்தில் பெரும்பாலும் விற்பது நொதிக்க வைத்த சி.டி.சி. தூள். க்ரீன் டீயில் நொதித்தல் இல்லாததால் ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டெக்கின் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற சுமார் ஆயிரம் பெண்களுக்கு ஒரு வருடம் தினமும் 843 மி.கி. ஈ.ஜி.சி.ஜி. மாத்திரையோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் ஓர் அடையாளமான மார்பக அடர்த்தி மொத்தத்தில் குறையவில்லை. மாத்திரை தின்றவர்களில் கல்லீரல் நொதி ஏறியவர்கள்தான் கூடுதல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பும் 2018-ல் நாளுக்கு 800 மி.கி.க்கு மேல் மாத்திரையாகப் போகும்போது எச்சரித்தது. கோப்பையில் இரண்டு மூன்று வேளை குடிப்பது அந்த அளவுக்குப் போகாது. வாய் கசக்கிறது என்று அக்காவுக்கு அது பிடித்திருந்தால் குடிக்கட்டும், மருந்தென்று நினைக்காமல்.

மொத்தமாக மாறிவிடுவது பற்றி ஒரே ஒரு எண். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், பரவாத நிலையிலேயே வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம் மற்றவர்களைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல். செலவுதான் மனதை மாற்றுகிறது என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவும் அடங்கும். கார்டு இருக்கிறதா பாருங்கள்.

இன்னொரு விஷயம், மூலிகையோடு சம்பந்தப்பட்டதுதான். கீமோ நடக்கும் நாட்களில் அக்காவுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டுவிட்டால் நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளை அணுக்கள் இறங்கிய நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும். மழைக்காலத்தில் மண் சரிந்து கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யார் வண்டி என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளுக்கு வருகிறேன். இதைத் தடுக்கும் செடி என்று ஒன்றும் கிடையாது. காய்கறி நிறையச் சாப்பிடுகிற பெண்களுக்கு வாய்ப்பு ஓரளவு குறைகிறது. அமெரிக்க நர்ஸுகளைப் பல வருடம் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்தரைப் பங்குக்கு மேல் காயும் பழமும் சாப்பிட்டவர்களுக்கு, இரண்டரைக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிட 11 சதவீதம் குறைவு. அதில் முன்னால் நின்றவை முட்டைக்கோஸ் குடும்பமும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களும். கேரட்டும் கோஸும் காலிஃபிளவரும் நாம் லாரி லாரியாக மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உருளைக்கிழங்கு தின்கிறோம்! ப்ரோக்கோலி மாதிரி சைனீஸ் காய்கறி கிடைத்தால் நறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்து, லேசாக ஆவியில் வேக வையுங்கள். நறுக்கும்போதுதான் அதன் நொதி வேலை செய்து சல்ஃபோரபேன் என்ற சத்து உருவாகிறது. கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். அதே காயின் சாரத்தை டி.ஐ.எம். மாத்திரையாக விற்பதை வாங்காதீர்கள். தமாக்ஸிஃபென் எடுக்கும் பெண்களிடம் அதுவும் எண்டாக்ஸிஃபெனைக் குறைத்ததை 2017-ல் காட்டிவிட்டார்கள். சோயா உணவுக்குப் பயப்பட வேண்டாம், அக்காவும்கூட. ஷாங்காயில் நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைப் பார்த்தபோது சோயா சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகத்தான் இருந்தது.

எடை ஏறாமல் பார்ப்பது, உடம்பை அசைப்பது, மதுவைத் தொடாதது, குழந்தை பிறந்தால் நீண்ட நாள் பால் கொடுப்பது, இவையெல்லாம் எந்தக் கேப்ஸ்யூலையும்விட மேல். ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலுக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் குறைகிறது. அபாயம் மிகக் கூடிய பெண்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டிய தடுப்பு மருந்து தமாக்ஸிஃபென். 1998-ல் வந்த முடிவு. அது செடியிலிருந்து வந்ததில்லை, ஆய்வகத்தில் செய்தது, யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மகளுக்கு என்ன செய்வது என்பதன் பதில் முதலில் அக்காவின் ரத்தத்தில் இருக்கிறது. 50 வயதுக்குள் வந்த நோய் என்பதால் பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றத்தைத் தேடும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றி அடுத்த முறை கீழே போகும்போது கேளுங்கள். நோய் வந்தவருக்கு முதலில் பார்ப்பதுதான் முறை. அவருக்கு மரபணுவில் மாற்றம் இருந்தால் மட்டும் மகளுக்கும், உங்களுக்கும், அதே மாற்றத்தைத் தேடினால் போதும். ஆண்களும் அதைப் பிள்ளைகளுக்குக் கடத்துவார்கள், அதனால் நீங்கள் விலகி நிற்க வேண்டாம். மாற்றம் இருந்தால் மகளுக்கு எம்.ஆர்.ஐ. சோதனையை 25 வயதிலேயே தொடங்குவார்கள். இல்லையென்றால், அக்காவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், அதாவது 37 வாக்கில், மேமோகிராம் ஆரம்பிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.